அந்த டிராயிங் ஹால் இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய நடை பெரிதும் மாறாமல், சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டு. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தின் முன் ஒரு யோசனை இருக்கிறது. பழைய டிராயிங் ஹாலைக் காலி செய்துவிட்டு, நாம் திரட்டியிருக்கும் நிதியில் அங்கே இன்னொரு கம்ப்யூட்டர் லேப் அமைத்துக் கொடுக்கலாம் என்பது அந்த யோசனை. நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் அந்த ஹால் முழுவதையும் எடுத்துவிடக் கூடாது, அதில் பாதியாவது டிராயிங் ஹாலாகவே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

உடனே சிலர் சிரிப்பது தெரிகிறது. "ஆரம்பிச்சுட்டாரு, எங்க காலத்துலன்னு" என்று நினைக்கிறீர்கள். இல்லை, பழைய நினைவுக்காகப் பேசவில்லை. மினி டிராப்டரைத் தூக்கிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் நிற்பவர் விலாவில் குத்தித் திட்டு வாங்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். 2ஹெச் பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் கருப்பானதற்கும் நான் ஏங்கவில்லை. கேள்வி வேறு. இன்ஜினியரிங் டிராயிங் என்ற அந்தப் பாடம் நமக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? கோடு போடவா, அல்லது வேறு எதையாவதா? கோடு போடத்தான் என்றால், ஹாலை இன்றைக்கே காலி செய்துவிடலாம். கோடு போட நம்மைவிடக் கம்ப்யூட்டருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பாடத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டில் போன் என்ற ஊரில் 1746ல் பிறந்தவர் காஸ்பார் மோன்ஷ். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்த ஒரு சாதாரண மனிதரின் மகன். மெசியேர் என்ற இடத்தில் ராணுவப் பொறியாளர்களுக்கு ஒரு பள்ளி இருந்தது. அதில் அதிகாரியாகப் படிக்க நல்ல குலத்தில் பிறந்திருக்க வேண்டும். மோன்ஷுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதால், படம் வரையும் பட்டறையில் ஒரு மூலையில் வேலை கிடைத்தது. எதிரியின் பீரங்கிக் குண்டு உள்ளே விழாதபடி ஒரு கோட்டைக்குச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு கணக்கு அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் நீண்ட எண் கணக்குப் போட்டுத்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள். மோன்ஷ் காகிதத்தில் கோடுகள் போட்டே விடையைக் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடியாதே என்று மேலதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தாராம். பிறகு பார்த்தார்கள், சரியாக இருந்தது. அந்த முறை வெகுகாலம் ராணுவத்தின் நான்கு சுவருக்குள்ளேயே ரகசியமாக இருந்தது. 1795ல்தான் பாரிஸில் மோன்ஷ் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். அதைத்தான் டிஸ்கிரிப்டிவ் ஜியோமெட்ரி என்கிறோம். நாம் முதலாண்டில் அரியர் வைத்த பாடத்தின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

மோன்ஷுக்கு முன்னால் இது இல்லாமலில்லை. வளைவுக் கூரைக்குக் கல் வெட்டிய கொத்தர்களும் மரவேலைக்காரர்களும் தங்களுக்குள் பல சூத்திரங்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சூத்திரம். மோன்ஷ் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே முறையை வெளியே எடுத்தார்.

நமக்கும் இதில் ஒரு சின்ன ஒற்றுமை உண்டு. பிரான்ஸில் பொதுப்பணிக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் புதிய கல்லூரி, பின்னாளில் எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்றது, 1794ல் தொடங்கப்பட்டது. மோன்ஷ் அதன் தூண்களில் ஒருவர். அதே 1794ல்தான் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி ஆரம்பமானது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் முதல் தேவை ஒன்றுதான். கண்ணால் பார்க்கும் பூமியை, கட்டடத்தை, அளவு தவறாமல் காகிதத்தில் இறக்க வேண்டும். பார்க்காத இன்னொருவர் அந்தக் காகிதத்திலிருந்து அதைத் திரும்ப எழுப்ப வேண்டும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. தாள், பென்சில் வேண்டாம், மனசுலயே போடுங்க. 12 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. கம்பத்தின் அடியிலிருந்து கிழக்கே 3 மீட்டர், அங்கிருந்து வடக்கே 4 மீட்டர் போய் ஒரு முளை அடித்திருக்கிறோம். கம்பத்தின் உச்சியிலிருந்து முளைக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். எவ்வளவு கம்பி வாங்குவீர்கள்?

முன்னால், அதாவது தெற்கே நின்று பார்த்தால், கம்பி 3 மீட்டர் தள்ளி 12 மீட்டர் ஏறுவதாகத் தெரியும். அந்தப் படத்தில் அளந்தால் 12.37 மீட்டர். பக்கத்தில், கிழக்கே போய் நின்று பார்த்தால் 4 மீட்டர் தள்ளி 12 மீட்டர் ஏற்றம். அந்தப் படத்தில் 12.65 மீட்டர். மேலே ஏறிக் குனிந்து பார்த்தால் வெறும் 5 மீட்டர். மூன்று படமும் அளவுப்படி சரியாக வரைந்த படங்கள்தான். ஆனால் மூன்றில் ஒன்றுகூடக் கம்பியின் உண்மையான நீளத்தைச் சொல்லவில்லை. உண்மை நீளம் 13 மீட்டர். பக்கப் படத்தை நம்பி 12.65 மீட்டருக்குக் கம்பி வெட்டினால், 35 சென்டிமீட்டர் குறையும்.

சரி, அந்த 13ஐ படத்திலேயே எப்படிக் கொண்டுவருவது? கம்பத்தைக் கதவின் கீலாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி, கம்பம், தரையில் அந்த 5 மீட்டர், மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணக் கதவு. அந்தக் கதவைத் திருப்புங்கள், நமக்கு நேராக முழு அகலமும் தெரிகிற வரைக்கும். கதவு திரும்பினால் அதன் உயரம் மாறாது, அகலமும் மாறாது. இப்போது முன்பக்கப் படத்தில் அது 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரமாகத் தெரியும். சாய்ந்த ஓரத்தை அளந்தால் 13. நாம் ஹாலில் காம்பஸை வைத்து ஒரு வில் போட்டு, அங்கிருந்து மேலே ஒரு கோடு இழுத்தோமே, அது இந்தக் கதவைத் திருப்பியதுதான். அந்த வில் எதற்கு என்று தெரிந்து போட்டவர்களுக்கு அது பாடம். தெரியாமல் போட்டவர்களுக்கு அது கோலம்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நாம் பார்ப்பது எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து தெரியும் தோற்றம். அது பொய் அல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. எந்தப் பக்கம் நின்றால் எது சரியாகத் தெரியும், எது சுருங்கித் தெரியும் என்று மனசுக்குள் பொருளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம், அதுதான் இந்தப் பாடம். கோடு அதற்கு ஒரு சாக்கு.

எங்கள் ஊர்ப் பக்கம் பேப்ரிகேஷன் பட்டறைகள் அதிகம். அங்கே தகடு வெட்டக் குறிபோடும் மேஸ்திரியைப் பாருங்கள். கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார். 100 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்கு ஒரு முழங்கை வேண்டும் என்றால், "மொதல்ல பன்னெண்டாப் பிரிச்சுக்கணும் தம்பி" என்பார். குழாயை விரித்தால் அது 314 மி.மீ. நீளமான தகடு. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 26 மி.மீ.க்குச் சற்று மேல். நடுக்கோடு ஒன்று இழுத்து, முதல் கோட்டில் அதற்கு மேலே 50, அடுத்ததில் 43, அடுத்ததில் 25, அடுத்தது நடுக்கோட்டிலேயே, பிறகு அதே அளவுகள் கீழே 25, 43, 50 என்று புள்ளி வைத்து, வளைவாகச் சேர்த்து, எதிர் வரிசையில் திரும்ப மேலேறுவார். தகட்டில் ஓர் அலை ஓடும். அதைச் சுருட்டி, இப்படி இரண்டு துண்டு செய்து வாய்க்கு வாய் சேர்த்தால் சரியாக 90 டிகிரியில் திரும்பும். நாம் டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ் என்று பயந்து படித்தது இதைத்தான்.

இதை நம்பாத தம்பி தங்கைகள் இன்றைக்கு ராத்திரி ஒரு சோதனை செய்யலாம். ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி ஒரு தாளை இரண்டு மூன்று சுற்றாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். கத்தியால் தாளோடு சேர்த்துச் சாய்வாக ஒரே வெட்டு. தாளைப் பிரித்துப் பாருங்கள். நேராக வெட்டிய வெட்டு, தாளில் அலையாக நிற்கும். கணக்குப் பாடத்தில் வந்த சைன் கர்வ் அதுதான். வெட்டுப்பட்ட மெழுகின் முகத்தைப் பாருங்கள், நீள்வட்டம். அம்மா சமையலறையில் வாழைத்தண்டை நேராக நறுக்கினால் வட்டம், 45 டிகிரி சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம். அதன் குறுகிய அகலம் தண்டின் விட்டமேதான், நீளம் மட்டும் ஏறக்குறைய 1.4 மடங்கு. செக்‌ஷன் ஆஃப் சாலிட்ஸ் முழுவதும் அந்த அரிவாள்மணையில் இருக்கிறது.

புனலும் அப்படித்தான். வாய் 300 மி.மீ. விட்டம், உயரம் 200 மி.மீ. உள்ள கூம்பு வேண்டும். ஆரம் 150, உயரம் 200 என்றால் சாய்வு உயரம் 250. 250ஐ ஆரமாக வைத்து ஒரு வட்டத் துண்டு வெட்ட வேண்டும். எத்தனை டிகிரி? 360ஐ 150ஆல் பெருக்கி 250ஆல் வகுத்தால் 216. அவ்வளவுதான். விடை சூத்திரத்தில் இருக்கிறது. ஆனால் தட்டையான தகட்டைப் பார்த்தவுடன் அது சுருண்டு கூம்பாக எழுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அது சூத்திரத்தில் இல்லை.

இப்போது ஒரு பெரிய தப்பெண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டும். "எனக்கு இமாஜினேஷன் வராது சார்" என்று முதலாண்டு மாணவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "அவனுக்கு டிராயிங் மண்டை, எனக்கு இல்லை." கிராமத்திலிருந்து வந்தவர்கள் சொல்வார்கள். பெண் பிள்ளைகளைப் பார்த்து மற்றவர்களே சொல்லிவிடுவார்கள், "பொண்ணுங்களுக்கு இது வராது" என்று. அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை 1993லிருந்து இதை ஆராய்ந்தார். புதிதாகச் சேரும் பொறியியல் மாணவர்களுக்கு, ஒரு பொருளை மனதில் சுழற்றிப் பார்க்கும் தேர்வு ஒன்று வைத்தார்கள். அதில் பின்தங்கியவர்களில் பெண்களின் பங்கு அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியபோது, அதே மாணவர்களின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அந்தப் பயிற்சியை முடித்த பெண்களில் பொறியியலைப் பாதியில் விட்டுவிடாமல் தொடர்ந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பயிற்சியின் முக்கியப் பகுதி என்ன தெரியுமா? கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, கையாலேயே படம் வரைவது.

ஆகவே இது பிறவி வரம் அல்ல. நீச்சல் மாதிரி, சைக்கிள் மாதிரி, பழக வருவது. சிறு வயதில் பொம்மைக் கட்டை அடுக்கியவர்களுக்கும், பட்டறையில் அப்பாவோடு நின்றவர்களுக்கும் சீக்கிரம் வந்திருக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். தாமதமாக வருகிறவர்களுக்காகத்தான் கல்லூரி. அப்படிப்பட்ட பிள்ளை தட்டுத்தடுமாறிப் பழக நம் வளாகத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த ஹால். அதை எடுத்துவிட்டால், ஏற்கெனவே வருகிறவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வராதவர்களுக்குத்தான் கதவு மூடும்.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு இன்னொரு தடை. கேள்வித்தாளில் "இன்க்ளைண்டு டு ஹெச்.பி., பேரலல் டு வி.பி." என்று வரும். தமிழில் எழுதினால் பென்சிலும் ஹெச்.பி., அந்தத் தளமும் ஹெச்.பி. பாவம், பிள்ளை எதை என்று நினைப்பான்? அதையே "தரைக்குச் சாய்ந்து, சுவருக்கு இணையாக" என்று சொல்லிப் பாருங்கள். ஹெச்.பி. என்றால் தரை, வி.பி. என்றால் எதிர்ச் சுவர், எக்ஸ்.ஒய். கோடு என்றால் தரையும் சுவரும் சேரும் விளிம்பு. ஒரு துடைப்பக்கட்டையைச் சுவரோரம் பிடித்துக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்தது. தரையோடு 60 டிகிரி சாய்ந்த கோல், சுவரோடு 30 டிகிரிக்கு மேல் சாயவே முடியாது. புத்தகத்தில் இது ஒரு விதி, மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். கையில் கோலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. பிள்ளைகள் பயப்படுவது பாதி நேரம் வடிவியலுக்கு அல்ல, அந்த ஆங்கில வாக்கியத்துக்கு.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1963ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற முறையைத் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் வரைவது. 1982ல் ஆட்டோகேட் வந்தது. அதன் பிறகு டிராயிங் போர்டு அலுவலகங்களிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறியது, நல்லதற்குத்தான். இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று சாய்வாகத் துளைக்கும் இடத்தில் வரும் வளைகோட்டை நாம் அரை நாள் உட்கார்ந்து போட்டோம். இன்றைக்கு ஒரு நொடி. ஓர் அளவை மாற்றினால் எல்லாப் படமும் தானாக மாறுகிறது. நாம் பிளேடால் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை போட்டோம். இதில் சண்டையே இல்லை. பொறியாளர் ஆகப்போகிற ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. "இந்தக் கோடு இங்கே ஏன் வந்தது?" என்று கேட்பதில்லை. பொருளைச் சுழற்றச் சொன்னால் அதுவே சுழற்றிக் காட்டிவிடுகிறது, நம் மனசு சும்மா இருக்கிறது. விடுதியில் நடந்த ஒரு கலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஒரு கண்ணாடி, கீழே ஒரு பல்பு, நன்றாக வரைந்தவன் தாள் அடியில், நம் தாள் மேலே. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் கையைத் தூக்கவும் வேண்டாம்! கோடு அப்படியே வந்துவிடும். ஆனால் எந்தக் கோடு முதலில், எதிலிருந்து எது பிறந்தது என்பது வராது. தேர்வு ஹாலில் கண்ணாடி இருக்காதே. புரியாமல் மவுஸைத் தட்டுவதும் அந்தக் கண்ணாடி வேலையின் தம்பிதான். கொஞ்சம் விலை கூடிய தம்பி.

வேலைக்குப் போனபின் என்ன நடக்கிறது? வரைவதைவிட, வேறொருவர் வரைந்ததைப் படிப்பதுதான் அதிகம். நம் நாட்டில் பாடத்தில் சொல்லித்தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். பொருளுக்குப் பின்னால் சுவர். நிழல் விழுகிற மாதிரி படம் அந்தச் சுவரில் விழும். ஆகவே இடப்பக்கமிருந்து பார்த்த படம் வலப்பக்கம் வரும், மேலிருந்து பார்த்தது கீழே வரும். அமெரிக்கப் படங்கள் தேர்ட் ஆங்கிள். பொருளுக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்து அதன் மேலேயே வரைகிற மாதிரி. இடது இடதிலேயே, மேல் மேலேயே. தாளின் மூலையில் ஒரு சின்னக் கூம்புக் குறி இருக்கும், எந்த முறை என்று சொல்ல. அதைக் கவனிக்காமல் படித்தால் இடதுகைச் சாமான் வலதுகைச் சாமானாகச் செய்து வந்து நிற்கும். அளவெல்லாம் மி.மீ. சுத்தமாகச் சரியாக இருக்கும், பொருத்தத்தான் முடியாது.

இது சாமானோடு போனால் பரவாயில்லை. 1981 ஜூலை 17ஆம் தேதி அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் இரண்டு தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்தன. 114 பேர் செத்துப்போனார்கள். காரணம் மிகச் சின்ன மாற்றம். முதலில் போட்ட வடிவத்தில், கூரையிலிருந்து தொங்கும் ஒரே நீளக் கம்பி மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் தாங்க வேண்டும். செய்வதற்கு வசதியாக அதை இரண்டு கம்பியாக்கினார்கள். கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு ஒன்று, மேல் நடைபாதையிலிருந்து கீழ் நடைபாதைக்கு ஒன்று. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

கிணற்றடிக் கணக்காக யோசியுங்கள். ஒரே கயிற்றில் இரண்டு குடம், ஒவ்வொன்றையும் கயிற்றிலேயே தனித்தனியாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், மேல் குடத்தின் முடிச்சு ஒரு குடத்தைத்தான் தாங்கும். கீழ்க்குடத்தை அவிழ்த்து, மேல் குடத்திலிருந்து வேறு கயிற்றால் தொங்கவிட்டால், அதே மேல் முடிச்சு இரண்டு குடத்தையும் தாங்க வேண்டும். அந்த ஓட்டலில் மேல் நடைபாதை இணைப்பின் சுமை அப்படித்தான் இரண்டு மடங்காயிற்று. அதைக் கணக்குப் பார்க்காமலே படம் ஒப்புதலாகிவிட்டது. அது கையால் வரைந்த காலத்துப் படம்தான். ஆகவே கையால் வரைந்தால் தப்பே வராது என்று நான் வாதாட மாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த ஓர் இணைப்பை மட்டும் ஒரு துண்டுத் தாளில் துண்டு துண்டாக வரைந்து பார்க்கும் பழக்கம் இருந்தால், அந்த இரண்டு குடம் கண்ணில் பட்டிருக்கும் என்றுதான் சொல்கிறேன். படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. படிக்கப் பழக, வரைந்துதான் ஆக வேண்டும்.

அதனால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று. ஹாலில் பாதியை லேபுக்குக் கொடுப்போம், மகிழ்ச்சியாகக் கொடுப்போம். மீதிப் பாதியில் முப்பது போர்டாவது இருக்கட்டும். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. கையால் வரைந்ததை அப்படியே போய்த் திரையில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டு. நிதியில் ஒரு சின்னப் பங்கை மாதிரிப் பொருள்களுக்கு ஒதுக்குவோம். மரத்தில் செய்த கூம்பு, பட்டகம், வெட்டிப் பிரிக்கக்கூடிய உருளை, கீல் வைத்துத் திறக்கும் கண்ணாடிப் பெட்டி. நம்மில் பட்டறை வைத்திருப்பவர்கள் கழிவுத் தகட்டிலேயே முழங்கையும் புனலும் செய்து அனுப்பலாம். இதற்குப் பெரிய செலவே கிடையாது. கரும்பலகையில் வரைந்த கூம்பைவிட, கையில் கொடுத்த கூம்பு பத்து வகுப்புக்குச் சமம்.

மூன்று. முதலாண்டு தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு சின்னச் சோதனை வைத்து, சிரமப்படுகிறவர்களுக்கு வாரம் இரண்டு மாலை அந்த ஹாலில் வகுப்பு. தமிழில் நடக்கட்டும். தரை, சுவர், மூலை என்று நடக்கட்டும். மதிப்பெண் வேண்டாம். உள்ளூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் முறை வைத்து வரலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. தினமும் பத்து நிமிஷம், ஸ்கேல் இல்லாமல், கையில் கிடைக்கும் ஒரு பொருளை மூன்று பக்கமும் வரையுங்கள். சோப்பு டப்பா, பூட்டு, குழாய்த் திருகு, எது வேண்டுமானாலும். கோடு கோணலாக இருக்கட்டும், விகிதம் சரியாக இருந்தால் போதும். வரைந்து முடித்தபின் பொருளை ஒளித்துவைத்துவிட்டு, அது பின்பக்கம் எப்படி இருக்கும் என்று வரைந்து பாருங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலும் கையால் வரையும் பகுதி இருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்கான பகுதி என்று தள்ளிவிடாதீர்கள். நாளைக்கு சைட்டில் வெயிலில் நின்றுகொண்டு, கொத்தனாருக்கோ வெல்டருக்கோ ஒன்றை விளக்க வேண்டி வரும்போது அங்கே கம்ப்யூட்டர் இருக்காது. ஒரு சாக்பீஸும் ஒரு தகடும் இருக்கும். அங்கே நீங்கள் வரையும் நாலு கோடுதான் உங்கள் பட்டம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த யோசனை ஓட்டெடுப்புக்கு வருகிறது. கை தூக்கும் முன், கட்டடத்தைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். "எனக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு வரப்போகும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வரும். வருகிற வரைக்கும் உட்கார ஓர் இடம் மட்டும் வேண்டும்.

 எல்லோரும் சாப்பிடப் போகலாம்.